மீன் வறுக்காத கடை

கோவளம் சாலையோரத்தில் இருக்கும் இந்தச் சீஸ் சாண்ட்விச் கடையில் உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. தோசைக்கல்லில் ரொட்டி சிவக்கிறது. சீஸ் ஓரத்தில் வழிந்து கருகுகிறது. பழைய பெயர்ப்பலகையில் மட்டும் ஒரு வஞ்சிர மீன் வரையப்பட்டிருக்கிறது.

“மீன் வறுவல் கிடையாதாம்மா?” என்று கல்லருகில் நிற்கும் கடைக்காரப் பெண்ணிடம் கேட்கிறேன்.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொல்கிறாள்.

“சுனாமில போன எங்க வூட்டுக்காரரு உடம்பு இன்னி வரைக்கும் கெடைக்கல சார். கடல்லதான் கீறாரு. அவரத் துன்ன மீனு எதுன்னு யாரு கண்டா? அதான் இந்தக் கல்லுல மீன் போடறதில்ல.”

மாமல்லபுரத்தில் வாங்கிய கருவாடு என் காலடிப் பையில் இருக்கிறது. பையைக் காலாலேயே பெஞ்சுக்கு அடியில் தள்ளுகிறேன். நான் உள்ளே நுழைந்தபோதே அவளுக்கு வாடை தெரிந்திருக்கும்.