நேர்ந்துகொள்ளாத மொட்டை

முதல் வட்டத்தைப் பார்த்தவள் பார்லர் பெண். பெங்களூரில் அல்சூர் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்தச் சின்னப் பார்லரில் முடியின் நுனியை வெட்டிக்கொள்ளத்தான் போயிருந்தேன். சீப்பை நிறுத்திவிட்டு, "மேடம், இங்க புழுவெட்டு மாதிரி இருக்கே, கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினாள். பிடரிக்கு மேலே நாணயம் அளவுக்கு வழவழவென்று தோல் தெரிந்தது. விரலால் தொட்டேன். வேறு யாருடைய உடம்பையோ தொடுவதுபோல் இருந்தது.

சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தேன். வட்டம் இரண்டாகி, இரண்டும் ஒன்று சேர்ந்தன. தோல் டாக்டரம்மா மண்டையில் ஊசி போட்டார். உடம்பே தன் முடியை எதிரி என்று நினைத்துத் தள்ளிவிடுகிறது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். ஒரு வருஷத்துக்குள் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. புருவமும் பாதி போய்விட்டது. குளியலறைத் தண்ணீர் போகும் ஜல்லடையில் சிக்கும் முடியை அள்ளி எடுக்கும் வேலை நின்றுபோன அன்றுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். அதனால் விக் வாங்கினோம். தோள்வரை தொங்கும் கறுப்பு விக். ஆட்டோவில் காற்று அடித்தால் ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொள்வேன். பார்ப்பவர்களுக்குத் தலைவலி என்று தோன்றும். அந்தக் கோடையில் வியர்த்து வியர்த்து மண்டையெல்லாம் கொப்புளம் கிளம்பி, சீழ் வைத்தது. ஆறும்வரை விக்கைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார். வேலைக்குத் தலையில் துப்பட்டா கட்டிக்கொண்டு போனேன். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கேன்சருக்கு எந்த ஆஸ்பத்திரியில் கீமோ கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

அப்போதுதான் என் நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஜோகுபாளையம் வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தினமும் காலையில் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி அனுப்பியது நான்தான். ஜீவனஹள்ளியில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். அங்கே நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்கள். பெண் வீட்டுப் பக்கத்தில் அம்மா இல்லாததால், அம்மா ஸ்தானத்தில் நின்று முதல் வளையல் நான் போட வேண்டும். எல்லாருடைய கண்ணும் என் மேல் இருக்கும்.

என் கணவரிடம் கேட்டேன். விக் முடியாது. துப்பட்டா கட்டினால் கீமோ என்று நினைத்து, சாவு வீட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அப்படியே வரட்டுமா என்றேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் இஷ்டம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளலாமே என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. மண்டைக் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டது அவர்தான்.

நாத்தனாருக்கு போன் செய்து, நான் வரவில்லை, உன் பெரியம்மாவை முதல் வளையல் போடச் சொல் என்றேன். 

"அண்ணி, நீங்க எப்படி வேணா வாங்க. எனக்கு உங்க கைதான் முதல்ல வேணும்" என்றாள்.

அதை நம்பித்தான் போனேன். அரக்குப் பட்டு கட்டினேன். புருவத்தைப் பென்சிலால் வரைந்தேன். காதில் ஜிமிக்கி, நெற்றியில் பெரிய பொட்டு. கண்ணாடியில் பார்த்தபோது அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றியது. யாராவது கேட்டால் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: எனக்கு முடி கொட்டும் வியாதி, ஒட்டாது, உயிருக்கு ஆபத்தில்லை. அவ்வளவுதான். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதன்பிறகு ஒளிக்க எதுவும் இருக்காது.

கணவரோடு ஹாலுக்குள் நுழைந்ததும் வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது. பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது. நாத்தனாரின் மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு மேடையில் உட்கார்ந்திருந்த மருமகளின் வயிற்றைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமாக இருந்தது. சுமங்கலிப் பெண் மொட்டைத் தலையோடு வந்து பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் வளையல் போடுவதா என்று அவர் வாய்திறந்து கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் ஏதோ சொன்னார், அவ்வளவுதான்.

அந்த அம்மாள் அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர் போலிருக்கிறது. என்னைப் பார்த்து, "திருப்பதிகெ ஹோகித்ரா?" திருப்பதிக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"ஆமாம்மா, திருப்பதிதான்" என்று எனக்குப் பின்னாலிருந்து என் கணவர் சொன்னார். "வேண்டுதல்."

நாத்தனாரின் மாமியார் முகம் ஒரே நொடியில் மாறிவிட்டது. வேகமாக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"என் மருமக சுகப்பிரசவத்துக்கா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார். பிறகு ஹால் முழுக்கக் கேட்கும்படி, பெற்ற தாய்கூட இப்படிச் செய்ய மாட்டாள், அண்ணிக்காரி தலைமுடியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆறிக்கொண்டிருந்த கொப்புளத்தில் அவள் விரல் பட்டு எரிந்தது. என்னைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். நாத்தனாருக்கு உண்மை தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்து கையை நீட்டினாள். பச்சை வளையல், சிவப்பு வளையல் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் அழுதாள். பிள்ளைத்தாய்ச்சி அழக்கூடாது என்று யாரோ அதட்டினார்கள். வீடியோக்காரர் விளக்கை என் தலைமேல் திருப்பினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ அங்க நின்ன நிலையைப் பார்க்க முடியல" என்றார்.

"திருப்பதி மொட்டைன்னா வளரணுமேங்க."

அவர் அதை யோசித்திருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. வீடு வரும்வரை இருவரும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தோம்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்த வேண்டுதல் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர், உன் நாத்தனார் கொடுத்துவைத்தவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றார்கள். உண்மையைச் சொல்லிவிட்டால் நான் மட்டும் பொய்க்காரி ஆவேன் என்றால் பரவாயில்லை. அவள் அங்கே வாழ வேண்டும். வளைகாப்பில் மொட்டைத் தலையோடு வளையல் போட்டது வியாதிக்காரி என்று தெரிந்தால், பிரசவத்தில் ஏதாவது ஒன்று என்றால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. பெயர் வைக்கும் விழாவுக்கு முன் ஒருநாள் என் கணவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். புது விக். மெல்லிய துணியில் பின்னியது, உறுத்தாது என்றார். எடுத்துப் பார்த்தேன். ஆண்பிள்ளை கிராப்பு மாதிரி குட்டையாக இருந்தது. மொட்டை அடித்து வளர்ந்த அளவுக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வாங்கியிருந்தார். அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விழாவில் எல்லாரும், நல்லா வளர்ந்துடுச்சே, சுருட்டையாக வேறு வருகிறதே என்றார்கள். நாத்தனாரின் மாமியார், "பெருமாள் கடன் வைக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே ஆசையாக என் தலையைக் கோத வந்தார். அந்தக் கை நெற்றிக்கு வருவதற்குள் நாத்தனார் குறுக்கே புகுந்து, குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டாள். "அத்தை, கொஞ்சம் பிடிங்க" என்றாள். அவள் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. எனக்காக அவளும் இனி ஒவ்வொரு விசேஷத்திலும் இப்படி ஓடிவர வேண்டும்.

ஊசியை நிறுத்திவிட்டேன். கொப்புளமெல்லாம் ஆறிவிட்டது, தோல் மட்டும் அங்கங்கே கறுத்திருக்கிறது. வீட்டுக்குள், ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, வெறுந்தலையோடு இருக்கிறேன். காலிங்பெல் அடித்தால் முதலில் விக்கைத்தான் தேடுகிறேன். குழந்தைக்குக் காதுகுத்து வரப்போகிறது. அதற்குள் முடி காது மறையும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்று என் கணவர் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய், அந்த நீளத்தில் ஒரு விக் பார்க்க வேண்டும்.