பெங் அக்கா இரண்டு சாப்பாடு கொண்டுவரும் நாள்

கையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டியோடு பெங் அக்கா பங்குச் சந்தைக் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று அடங்கிவிடும். ஒரு பெட்டி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு என்றால், டாக்சி ஓட்டுகிற ஃபான் வாயிலிருக்கும் பாக்கைத் துப்பிவிட்டு எழுந்து நிற்பார். "எத்தனைப்பா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "ரெண்டு! ரெண்டு!" அவ்வளவுதான், விற்கிற ஜன்னல் முன்னால் தள்ளுமுள்ளு ஆரம்பித்துவிடும். அக்கா எதையும் கண்டுகொள்ளாமல் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்து, ஒரு பெட்டியை மடியிலும் மற்றதைப் பக்கத்து நாற்காலியிலும் வைப்பார். அந்த நாற்காலியில் எவனும் உட்காரமாட்டான். கூடம் நிரம்பி வழிகிற நாளிலும் கால் கடுக்க நிற்பார்களே தவிர, அதன் பக்கம் போகமாட்டார்கள்.

மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிடும்: சுன்மிங் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களின் விலையைக் குறைத்துவிட்டது. எங்கள் பலகையில் ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. சுன்மிங்கின் பெயர் பச்சையாகும். கொஞ்ச நேரத்தில் மற்ற கம்ப்யூட்டர் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பச்சையாகும். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் முகங்களிலும் அந்த வெளிச்சம் விழும். பார்க்கச் சகிக்காது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. விலை குறைந்தால் நல்லதுதானே என்பார்கள். ஃபானிடம் கேட்டால் விளக்குவார். "வாங்கறவனுக்குக் கொண்டாட்டம், பங்கு வெச்சிருக்கறவனுக்குத் திண்டாட்டம். நேத்து வரைக்கும் ஒரு கம்ப்யூட்டர் வித்தா பத்து ரூபா நிக்கும்னு வெச்சுக்க. இன்னிக்கு மூணு ரூபா. குடோன்ல கெடக்கற சரக்கு ராத்திரியோட ராத்திரியா செல்லாக்காசு. இவன் ஒரு படி எறங்கினா எதிர்க்கடைக்காரன் ரெண்டு படி எறங்குவான். கடைசியிலே எவன் கிணத்துல இருக்கான்? நாமதான்." ஃபான் சொல்வது எங்கள் யுவான் கணக்குதான். சுன்மிங்கில் அவர் போட்ட பணம் பாதியாகி, அந்தப் பாதியும் பாதியானது. வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் புலம்புவார். கூடவே அக்காவைப் பற்றியும் சொல்லுவார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

பதிவில் பெயர் லுவோ குவெய்-மெய். கூடத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. செத்துப்போன பெங்கின் மனைவி என்பதால் பெங் அக்கா. எங்கள் சின்ச்சு ஊரில் நகரக் காவல் தெய்வத்தின் கோயிலுக்குப் பின்சந்தில் ஒரே ஓர் அறை. அதிலேயே தையல், அதிலேயே சமையல், அதிலேயே தூக்கம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகளின் கால்சட்டைகளைக் குட்டையாக்கித் தருவதுதான் தொழில். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார், ஒன்றுகூட விழாது. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கழற்றி நான் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போனாலும் அதோடுதான். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். "சாப்டாச்சா அக்கா?" என்றால், "ஏன், நீ வாங்கித் தரப் போறியா?"

நான் லூ, மின்விசிறி பழுது பார்க்கிறவன். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். விலை குறைப்பு இவருக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிகிறது? விடை கையில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். சுன்மிங்கில் விலை நிர்ணயிக்கிற பிரிவு ஆட்கள் அறிவிப்புக்காகத் தலைநகருக்குக் கிளம்புமுன் கால்சட்டை மடிக்க இவரிடம்தான் வருவார்கள், பேச்சுவாக்கில் உளறியிருப்பார்கள். கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு போய்ச் சொன்னேன். அக்கா ஊசிகளுக்கு நடுவிலிருந்து சிரித்தார். "சுன்மிங் ஆளுங்க யாரும் என் கடைக்கு வர்றதில்லை, லூ. பெங் போனதுலேருந்து இந்தச் சந்துக்குள்ளேயே காலை வெக்கறதில்லை. பயம்."

விசாரித்தேன், உண்மைதான். அவர்கள் ரயிலடிப் பக்கம் ஒரு கிழவனிடம் போகிறார்கள்.

இன்னொரு விஷயம், எனக்கு இன்றுவரை பிடிபடாதது. ஒருநாள் சந்தை மூடியதும் அக்கா குடையைத் தேடிக்கொண்டே, "அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துக்க" என்றார். காலையில் படியேறும்போது நான்தான் அதை வாங்கி வைத்தவன். சோறும் பன்றி இறைச்சியும் ஊறுகாய்க் கீரையும் அவித்த முட்டையுமாகக் கனமாக இருந்தது. இப்போது தூக்கினால் காற்றாக இருந்தது. ரப்பர் வளையம் போட்டபடியே இருந்தது. அன்று முழுக்க அந்த நாற்காலியின் பின்னால்தான் நின்றிருந்தேன். திறந்து பார்க்காமலே அக்காவிடம் கொடுத்தேன்.

பெங் உயிரோடு இருந்தபோது சுன்மிங்கின் விலைப் பிரிவில்தான் இருந்தார். விலையைக் குறைக்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அந்தப் பிரிவைப் பூட்டிவிடுவார்கள், விஷயம் கசியக்கூடாதே. புதிய விலைச்சீட்டுகள் அச்சாகி முடிகிறவரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரே ஒரு தொலைபேசிக்கு மட்டும் அனுமதி, அதிலும் பக்கத்தில் ஒருவன் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். பெங் ஒரே வாக்கியம்தான் சொல்லுவாராம்: "எனக்கு எடுத்து வைக்காதே, சாப்பிட்டுத் தூங்கு." மறுநாள் காலையில் அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு கம்பெனி வாசலில் போய் நிற்பார். மற்ற மனைவிமார்களும் நிற்பார்கள். அவர்களில் யாருக்கும் கையிலிருக்கிற சோற்றின் விலை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றே பங்குகளை விற்றிருப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்த இடத்திலேயே பெங்குக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வருடா வருடம் கம்பெனி போனஸாகக் கொடுத்திருந்த பங்குகள் அக்காவின் பெயருக்கு வந்தன. பங்கோடு இன்னொன்றும் வந்தது.

அதை நானே கேட்டேன். என் கால்சட்டை ஒன்றை வாங்கப் போயிருந்தேன், அந்திநேரம், ஒன்பதாம் மாதத்துக் காற்று தகரக் கதவைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது. அக்கா தையல் மிஷினை நிறுத்தி, உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவைத்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். பிறகுதான் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் காதில் வைத்தார். ட்ர்ர்... ட்ர்ர்... என்று காகிதத்தில் ஊசி ஓடுகிற சத்தம், பழைய அச்சு இயந்திரச் சத்தம், எங்கோ தூரத்தில். அதற்கு இந்தப் பக்கம், வாய்க்கு ரொம்பப் பக்கத்தில், யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். அக்கா ரிசீவரை வாங்கி, "சரி, எடுத்து வைக்கலே, நீங்க பாத்து இருங்க" என்று சொல்லி வைத்தார்.

"அக்கா, இது... யாராவது விளையாடறாங்க."

"வெளையாடட்டுமே. நான் வேணாம்னா சொன்னேன்?"

"அந்தச் சாப்பாட்டை எதுக்குக் கூடத்துக்குக் கொண்டுவரீங்க?"

"கம்பெனி கேட்டுலே வாட்ச்மேன் விடமாட்டேங்கறான். அந்தப் பலகையிலேதான் இன்னும் அவர் கம்பெனி பேரு தெரியுது. வேற எங்கே கொண்டுபோறது, சொல்லு."

மறுநாள் சுன்மிங் பச்சையானது. முந்தின சாயங்காலமே எனக்குத் தெரியும். ஆனாலும் என் பங்குகளை விற்கக் கை வரவில்லை. அந்தச் செருமலை வைத்துக் காசு பார்ப்பதா என்றிருந்தது. மடத்தனம்தான். என் வீட்டுக்காரி இன்னும் திட்டுகிறாள்.

கூடத்தில் எல்லோரும் அக்காவைப் பார்த்து விற்றார்கள், அக்கா மட்டும் ஒரு பங்குகூட விற்கவில்லை. ஒவ்வொரு விலை குறைப்புக்கும் அவருடைய கிழவயதுச் சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. போன மாதம் அறையின் சொந்தக்காரர் வந்தார். அறையை விற்கப் போகிறாராம். பழகின தோஷத்துக்கு அக்காவிடம் முதலில் கேட்கிறாராம். இல்லையென்றால் பக்கத்து டீக்கடைக்காரருக்கு. அக்காவிடம் இருப்பதெல்லாம் சுன்மிங் பங்குதான். அதையும் அன்றைய விலைக்கு விற்றால் துண்டு விழுந்தது.

"அறை போனா டெலிபோன் போயிடும்" என்றார் என்னிடம். "நம்பரை வேற வீட்டுக்கு மாத்திக்கலாம்னு சொல்றாங்க. அவர் நம்பருக்கா கூப்பிடறார்? இந்த அறைக்குக் கூப்பிடறார். சரி, பங்கை வித்து அறையைப் பிடிச்சுக்கலாம்னா, பங்கு போனப்புறம் எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன இருக்கு? கூப்பிடற ஆளே போயிட்டா வெறும் டெலிபோனைக் கட்டிக்கிட்டு அழறதா? எதை விடறது லூ? நீதான் எல்லாத்தையும் கழட்டிப் பாக்கறவனாச்சே."

அறையின் சொந்தக்காரர் கொடுத்த கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது அக்கா இரண்டு பெட்டியோடு வந்தார். கூடம் வழக்கம்போல் விற்கிற ஜன்னலுக்கு ஓடியது. ஃபான் மிச்சமிருந்த கடைசிப் பங்குவரை விற்றுத் தள்ளினார். செய்தியும் வந்தது: சுன்மிங் விலையை வெட்டியிருக்கிறது, இதுவரை இல்லாத வெட்டு. பலகை பச்சையானது. ஆனால் அரைமணி கழித்து இன்னொரு செய்தி வந்தது. இந்த வெட்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல், கடல்கடந்த பெரிய எதிர்க்கம்பெனி ஒன்று கம்ப்யூட்டர் செய்வதையே நிறுத்திக்கொள்கிறதாம். அப்படியானால் அந்தச் சந்தை முழுக்க இனி யாருக்கு? லாபம் மெலிந்தாலும் விற்பனை குவியுமே! சுன்மிங் நடுங்கி நடுங்கிச் சிவப்பானது. ஒருநாளில் எவ்வளவு ஏறலாமோ அவ்வளவும் ஏறி நின்றது.

"ஐயோ, வித்துட்டேனே!" என்று ஃபான் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, உன் வீட்டுக்காரர் நல்லா கழுத்தறுத்துட்டாரு!"

"அவர் எப்போ உன்னை விக்கச் சொன்னாரு? நீயே பாத்தே, நீயே ஓடினே. அவர் சோறு வேணாம்னுதான் சொன்னாரு" என்றார் அக்கா.

பிறகு எழுந்தார். அந்த விலைக்கு விற்றால் அறைக்குப் போதும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு இந்தச் சிவப்பு நிற்குமா என்பது யாருக்கும் தெரியாது. விற்பனைச் சீட்டைப் பூர்த்திசெய்து முத்திரை குத்தினார். ஜன்னலுக்குப் போகவில்லை. பக்கத்து நாற்காலிக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டார். சட்டைப்பையிலிருந்து இரண்டு ஒரு யுவான் காசுகளை எடுத்தார். செத்தவர்களிடம் அனுமதி கேட்க எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழுந்தால் சரி. இரண்டும் தலை என்றால் அவர் சிரிக்கிறார், மறுபடி கேட்கவேண்டும். இரண்டும் பூ என்றால் கூடாது. மூன்று தடவைக்கு மேல் தொந்தரவு செய்யக்கூடாது.

"பங்கை வித்துடட்டுமா?" என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டுப் போட்டார். இரண்டும் தலை. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மறுபடி போட்டார். இரண்டும் பூ.

"நேரமாகுது அக்கா, மூடிடுவாங்க" என்று ஜன்னலிலிருந்து அந்தப் பெண் கெஞ்சினாள். அக்கா காசுகளை உள்ளங்கைகளுக்குள் வைத்துக் குலுக்கினார். மூன்றாவது தடவை. நாங்கள் அத்தனை பேரும் குனிந்தோம். காசுகள் தரையில் பட்டுத் துள்ளிச் சுழன்றன. அவை சாய்வதற்குள் அக்கா படீரென்று கையை வைத்து மூடிவிட்டார். அவர் முகம் நாற்காலிப் பக்கமே இருந்தது. மற்ற கையால் சீட்டைப் பின்புறமாக என்னிடம் நீட்டினார்.

"ஓடு லூ."

ஓடினேன். சீட்டை ஜன்னலுக்குள் தள்ளி, ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பினேன். சந்தை மூடி, பலகை அணைந்துவிட்டது. கூட்டம் நகரவில்லை. அக்கா அதே இடத்தில் முழங்காலிட்டிருந்தார். கையை எடுக்கவில்லை. அதற்கடியில் காசுகள் இன்னும் தரையில் தட்டிக்கொண்டிருந்தன. அவர் இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.