ஆறாம் நம்பர் லேத்தின் சந்தனம்

ஒரு மனிதனின் வேலையைப் பறித்த கடிதத்தின் ஆங்கிலம் அபாரமாக அமைந்துவிட்டது என்பதற்காக, அதன் கார்பன் பிரதியை மூன்று வருஷம் டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தவன் நான். உங்களிடம் மறைப்பானேன், மாப்பிள்ளை பார்க்க வந்த ஒருவரிடம் அதை எடுத்தே காட்டியிருக்கிறேன். அவர் பொறுமையாக வாசித்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டிருக்கது நீங்களா?" என்றார். "இல்ல, மேனேஜர்" என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் என் தம்பி மகள். தம்பி பாரீஸுக்குப் போய் இருபது வருஷமாகிறது. மகள் பிரெஞ்சில் யோசித்து, தமிழில் சோறு கேட்டு, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். போன மாதம் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். ஆங்கிலச் சொல் ஒரு பக்கம், பிரெஞ்சு மறுபக்கம். டிஸ்கிரிமினேஷன், ஈக்வாலிட்டி, கிரீவன்ஸ், டிஸ்மிஸல் என்று கீழே கீழே போகிறது பட்டியல். கூடவே குரல்: "பெரியப்பா, வேலை பார்த்த பெரியவங்க யாரையாச்சும் கேட்டு ஒவ்வொரு வேர்டுக்கும் ஒரு சென்டன்ஸ் எழுதணும். நிஜமா நடந்ததா இருக்கணுமாம். உங்க இங்கிலீஷ் சூப்பர்னு அப்பா சொன்னாங்க."

சொன்னானா? சந்தோஷம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாகுபாடு என்ற அந்த முதல் சொல்லிலேயே கூலண்ட் வாடை அடித்தது. லேத்தில் இரும்பைக் கடையும்போது மேலே பால்போல ஒழுக விடுவார்களே, அந்த எண்ணெய்த் தண்ணீர். அதனோடு சந்தன வாடையும் சேர்ந்து வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பேட்டையில் ஒரு பட்டறையில் எனக்கு முதல் வேலை. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு போல்ட்டு நட்டுக் கம்பெனியில் என்ன வேலை என்பீர்கள். கடிதம் எழுதுவதுதான். பட்டறையில் எனக்குப் பெயரே பி.ஏ. யாருக்கு இங்கிலீஷில் தபால் வந்தாலும் என்னிடம்தான் வரும். மேலப்பாளையத்து பாய் ஒருவர் மகனுக்கு வந்த சவுதி விசாக் கடிதத்தை ஒருமுறை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "பய போவலாமா, கூடாதா? அதைச் சொல்லும்வே" என்றார்.

ஆறாம் நம்பர் லேத்து இசக்கிமுத்துவுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பட்டறைக்குள் அவரை அண்ணாச்சி என்பேன். வெளியே அப்படிக் கூப்பிட்டதாக ஞாபகமில்லை.

ஆயுத பூஜையன்று அவரவர் மெஷினுக்கு அவரவர் சந்தனமும் குங்குமமும் வைப்பது அங்கே வழக்கம். ஆறாம் நம்பருக்கு மட்டும் ஸ்டோர்ஸ் ஆள் வந்து வைப்பார். இசக்கிமுத்து அந்த நேரம் வாசல் கேட்டுப் பக்கம் போய் நிற்பார். பொரியும் கடலையும் அவருக்குப் பொட்டலமாக அங்கேயே போய்விடும். என்ன சாதி என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பதினோரு வருஷம் அப்படி நின்றவர், அந்த வருஷம் கைகால் கழுவிவிட்டு வந்து, சந்தனக் கிண்ணத்தில் மூன்று விரலைத் தோய்த்துத் தன் லேத்தில் இழுத்துவிட்டார்.

"எடுலே கைய!" என்று சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

"பதினோரு வருசமா இதுக்கு எண்ணெ விடுதேன். ஒருநா பொட்டு வைக்கப்பிடாதா?"

சூப்பர்வைசர் எண்ணெய்த் துணியால் சந்தனத்தைத் துடைத்தார். துடைத்த கையை இசக்கிமுத்து பிடித்தார். நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இசக்கிமுத்துமேல் குற்றம் சாட்டி சார்ஜ் மெமோ எழுதச் சொன்னார். "சந்தனம், பூசையெல்லாம் வேண்டாம். பொதுவா எழுதும்." பொதுவாக எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மேலதிகாரியின் உத்தரவை வேண்டுமென்றே மீறியது, அவர்மேல் கைவைத்தது, பட்டறையில் கலகம் மூட்டும் நடத்தை. முப்பது வரியில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஒரு உண்மையும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மெமோவோடு இசக்கிமுத்து வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே அம்மா இருந்தாள். "வாங்க, ஆத்தங்கரைக்குப் போவோம், காத்தோட்டமா இருக்கும்" என்றேன். காற்றின்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியத்தை என்னவென்று சொல்ல.

படித்துறையில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எழுதுனவன் நல்லா எழுதியிருக்கானா தம்பி?" என்றார்.

"ம்... நல்ல இங்கிலீஷ்தான்."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். பயந்துபோயிருக்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு பொட்டப்பிள்ளைய படிக்குதுவ. வேலை போனா அதுவ படிப்பும் போச்சு. சந்தனம் வச்சேன், துடைச்சான், கையப் பிடிச்சேன்னு நடந்ததை எழுதும்."

"அப்படி எழுதுனா முதலாளிக்குக் கோவம் வரும். பணிவா மன்னிப்புக் கேட்டு எழுதுவோம்."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"இப்படி எழுதுனாத்தான் அண்ணாச்சி வேலை நிக்கும்."

எழுதினேன். இங்கிலீஷில் பணிவு சொட்டியது. மெமோ எழுதியவனும் நான்தான் என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், இரண்டு தடவையும் ஆற்றைப் பார்த்தேன். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேனேஜர் படித்துவிட்டு, "அவனே ஒத்துக்கிட்டான், இனி விசாரணை எதுக்கு?" என்றார். வேலைநீக்க உத்தரவு இரண்டே வரி. அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

பாரீஸுக்கு வாக்கியம் அனுப்பாமல் இசக்கிமுத்துவைத் தேடிப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். லேத்துகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்களாம். விசாரித்து விசாரித்து அம்பாசமுத்திரத்தில் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் இல்லை, ஆறு வருஷமாகிவிட்டது. அரிசி மில்லில் கடைசிவரை மூட்டை தூக்கியிருக்கிறார். படிப்பை நிறுத்திய பெண்கள் இரண்டு பேரும் பீடி சுற்றியே வளர்ந்திருக்கிறார்கள். அவர் மனைவி பேச்சியம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி கொடுத்தார். பாதிக் காப்பியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அவுகளுக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"எழுதி முடிச்சு மேனேசருக்குச் சத்தமா வாசிச்சியளாம்லா. மேனேசர் ரூம்பு சன்னலுக்கு இந்தப் பக்கந்தான அவுக லேத்து. இங்கிலீசு புரியல, நம்ம பேரு மட்டும் நாலுதடவ கேட்டுச்சுன்னாவ."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்தாரு?"

"நீங்களாச் சொல்லுவியன்னுதான். சொல்லலன்னு வந்து சொன்னாவ."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் கழித்து ஒருவழியாகத் தமிழிலேயே, "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

பேச்சியம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மன்னிப்பா? அதைத்தான் அன்னைக்கே அவுக பேருல எழுதிட்டியளே தம்பி."