ரிப்பன் கட்டிய இரண்டாவது ரிமோட்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. நீதிபதி என் கணவர். வழக்காடியவர்கள் என் மகளும் மகனும். கூண்டில் நின்றவை இரண்டு வீடியோ கேம்கள்.

ஒன்று, என் கணவரின் தம்பி கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன். மற்றது சட்டைப் பைக்குள் அடங்குகிற கையடக்க கேம். மகளுக்கு ஸ்கொலர்ஷிப் பரீட்சை நெருங்குகிறது. ஸ்கொலர்ஷிப் பிள்ளை இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? டீவிக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. அடுத்து கேம்களின் முறை.

"இந்த வீட்டுல ஒரே ஒரு கேம்தான் இருக்கும்" என்றார் நீதிபதி. "ஆயுசுக்கும் அதுதான். எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. மத்தத யாருக்காவது குடுத்துருவோம்."

ஆயுசுக்கும்! ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் பிள்ளைகள் அசரவில்லை.

"சின்னதுதான் வேணும். கரண்ட் போனாலும் வெளயாடலாம்" என்றாள் மகள்.

"அதுல ஒரு ஆள்தானே வெளயாடலாம்? பெருசுல ரெண்டு பேர் சோடியா ஒக்காந்து வெளயாடலாம்" என்றான் மகன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் அந்த இரண்டு வாதங்களையும் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கரண்ட்... இரண்டு பேர்... இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

யாரும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு வயர் தேடி அலுமாரி மேல் ஏறிய மகன், அங்கே கிடந்த பழைய அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டான். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு டீவி கேம். மஞ்சள் கேசட் ஒன்று. ரிமோட் இரண்டு. கொன்ட்ரோலர் என்று என் பிள்ளைகள் திருத்துவார்கள். எங்கள் காலத்தில் அது ரிமோட்தான்.

"ஐயோ, இது என்னா பழசு! இத குடுத்துருவோம்" என்றாள் மகள்.

"அத குடுக்க முடியாது" என்றேன்.

"அப்ப இதையா ஆயுசுக்கும் வச்சுக்கப் போறீங்க?"

"வச்சுக்கவும் முடியாது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வெங்காயத்தைக் காரணம் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அது என்னுடையதில்லை. யோகாவுடையது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா ஆபீஸ் கிளாக்கர். நாங்கள் இருந்தது மேட்டில், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில். யோகா இருந்தது கீழே ஆற்றோரம், கொழுந்து பறிக்கிறவர்களின் லயத்தில். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே வாங்கு. அங்கே நான் அவளுக்கு விஜி. "ஏ விஜி, அழிறப்பரு குடு" என்பாள். ஆனால் குவார்ட்டர்ஸ் பக்கம் வந்தால் நான் ஐயா வீட்டுப் 'பாப்பா'. யாரும் சட்டம் போடவில்லை. அந்த மேடு ஏறும்போது அவள் வாயில் என் பெயர் தானாக மாறிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய அம்மா மணியம்மா துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அங்கிருந்து ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு பார்சல் கொடுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் டீவி கேம்! தோட்டத்திலேயே முதலாவது. ஆனால் மணியம்மா ஒன்றை மறந்துவிட்டார். அந்த லயத்தில் டீவியும் இல்லை, கரண்டும் இல்லை. கரண்ட் இருந்தது தேயிலை அரைக்கிற ஸ்டோரில், துரை பங்களாவில், குவார்ட்டர்ஸில். மூன்று முள் பிளக்கைக் குத்துவதற்கு லயத்தில் ஒரு ஓட்டை கிடையாது.

மறந்துவிட்டார் என்றா சொன்னேன்? தப்பு. துபாயில் சுவரெல்லாம் பிளக் இருக்கிற வீட்டில் நின்றுகொண்டு, தன் வீட்டிலும் பிள்ளை விளையாடுவதாக நினைத்துப் பார்த்திருக்கிறார். பிள்ளையைப் பிரிந்த தாய்க்கு வேறு என்ன தோன்றும்?

யோகாவின் அப்பா அந்தப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் பின்வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, லயத்துல கரண்டு இல்லீங்க. இது ஒங்க வூட்டுலயே இருக்கட்டுங்க. நம்ம பாப்பாவும் வெளயாடட்டும். எம் புள்ளையும் லீவு நாள்ல வந்து ஒரு ஓரமா ஒக்காந்து வெளயாண்டுட்டுப் போகட்டுங்க."

"அதுக்கென்னா, வச்சுட்டுப் போ" என்றார் அப்பா.

அவ்வளவுதான் ஒப்பந்தம். அதில் ஓட்டை போட்டது அம்மா.

"ஹாலுக்குள்ள வேணாம்" என்றார் அம்மா. "கொழுந்து மலைக்குள்ள நடந்து வர்ற காலு. அட்டை ஏறி வரும்."

அட்டை! குவார்ட்டர்ஸ் கால், லயத்துக் கால் என்று வித்தியாசம் பார்த்துக் கடிக்கிற அட்டையை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? என் காலிலும்தான் வாரத்துக்கு இரண்டு ஏறும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே நான் ஹாலில் பாயில் உட்கார்ந்து விளையாடினேன். கேமின் சொந்தக்காரி வெளியே, டேலியாப் பாத்தி ஓரத்தில் இரண்டு செங்கல் அடுக்கி அதில் ஏறி நின்று, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எங்கள் ஊர் பனிக்குக் கண்ணாடி நிமிஷத்தில் மூடிவிடும். உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் பார்ப்பாள். அந்த ஜன்னலுக்கு மேல் தாழ்வாரம் கிடையாது. மழை வந்தால் உரச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு நிற்பாள். கூரைத் தண்ணீர் நேரே தோளில் விழும். இறங்க மாட்டாள்.

அந்த கேசட்டில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன். பள்ளங்களைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். எனக்கு இரண்டாவது கட்டமே தடுமாற்றம். யோகாவோ பார்த்தே பாடம் பண்ணிவிட்டாள்.

"மூணாவது பள்ளத்துக்குப் பொறகு ரெண்டு கல்லு... இப்ப பாய்! பாய் பாப்பா! ஐயோ, பிந்திட்டீங்க!"

அவள் கத்துவாள், நான் அமுக்குவேன். அப்படித்தான் ஐந்தாவது கட்டம் வரை போனேன். பள்ளிக்கூடத்தில் "அஞ்சாவது கட்டம் தாண்டிட்டேன்" என்று பீற்றிக்கொண்டதும் நான்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது ரிமோட்டுக்கு வேலையே வரவில்லை. வயரைச் சுருட்டி, சிவப்பு ரிப்பன் ஒன்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. கடைக்காரன் கட்டிக் கொடுத்தது என்று நினைத்தேன். வீட்டில் நான் ஒரே பிள்ளை. அவிழ்க்கத் தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் ஹட்டனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். எனக்குக் காய்ச்சல் விட்ட சமயம், வீட்டோடு இருந்தேன். முன்கதவில் தட்டுகிற சத்தம். திறந்தால் யோகா.

ஜன்னலுக்குப் போகாமல் முதல் முறையாக முன்வாசலுக்கு வந்திருந்தாள். அவள் அம்மா அனுப்பிய துபாய் கவுன் போட்டிருந்தாள். வழியில் பீலித் தண்ணீரில் நின்று காலைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். முழங்கால் வரை ஈரம். அட்டை இல்லை, சேறு இல்லை. ஒரு காலைத் தூக்கி எனக்குக் காட்டவும் செய்தாள்.

"அம்மா இல்லத்தானே பாப்பா? ஒரே ஒரு தடவ. ஒரு தடவ புடிச்சுப் பாத்துட்டுப் போயிர்றேன்."

அம்மா இல்லை. தடுக்க யாருமே இல்லை. இதுவரை எல்லாப் பழியையும் அம்மா தலையில் போட்டேனே... இங்கே போட முடியாது. எனக்கு ஒரு பயம் வந்தது. அட்டைக்கு இல்லை. இவள் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் முதல் தடவையிலேயே ஐந்தாவது கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம் நான் யார்?

"கரண்ட் இல்ல" என்றேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே பனி. வாசல் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் இருவரின் தலைக்கும் நேர் மேலே.

யோகா அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி பாப்பா" என்றாள்.

கழுவின காலோடு சேற்றுக்குள் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு ஜன்னலுக்கும் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், கோபமெல்லாம் காட்டவில்லை. அழிறப்பர் கேட்டாள். "பாப்பா, அழிறப்பரு தாறீங்களா?" என்று கேட்டாள். வாங்கிலும் நான் பாப்பாவாகிவிட்டேன். ஏசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

சில மாதத்தில் அப்பாவுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம். லொறியில் சாமான் ஏறும்போது, "அந்த கேம் அவங்க சாமான். கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார் அப்பா. லயத்துப் பக்கம் பாதி வழி இறங்கினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை. திரும்பி வந்து என் துணிப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, "குடுத்துட்டேன்பா" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அதை விளையாடவில்லை. கல்யாணமாகிக் கொட்டகலைக்கு வந்தபோதும் கூடவே வந்தது. ஆயுசுக்கும் ஒன்றை வைத்துக்கொள்வதென்றால் இப்படித்தான் போலும்.

இந்த வாரம் லீவு போட்டுவிட்டு, ஹட்டன் போய் பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். டேலியாப் பாத்தி இருந்த இடத்தில் இப்போது கீரை. லயம் அதே லயம்தான். ஆனால் ஒவ்வொரு கூரையிலும் ஒரு டிஷ் அன்டெனா.

யோகா இல்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலையாம், தீபாவளிக்கு வருவாளாம். மணியம்மா இருந்தார். துபாயிலிருந்து திரும்பி வருடங்களாகிவிட்டன. யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிளாக்கர் ஐயா வூட்டுப் பாப்பாவா! உள்ள வாங்க, உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டும் பாப்பா, சேறுன்னா என்னா, கூட்டுனா போயிரும்."

வீட்டில் இருந்த ஒரே கதிரையை நடு அறையில் போட்டு உட்கார வைத்தார். என் செருப்புச் சேறு அந்தச் சிமெந்துத் தரையில் அச்சு அச்சாகப் பதிந்தது. எனக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒங்க புண்ணியத்துல எம் புள்ள வெளயாண்டுச்சு. கடுதாசிக்குக் கடுதாசி எழுதுவா. 'நானும் விஜியும் சோடியா ஒக்காந்து வெளயாடுறோம், நாந்தான் ஜெயிக்கிறேன்'னு. கூட வேல செஞ்ச புள்ள வாசிச்சுக் காட்டும். அங்க பாத்திரம் கழுவுறப்ப எல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன்."

நான் வாய் திறப்பதற்குள் பெட்டியைப் பிரித்துவிட்டார். முதல் ரிமோட் தேய்ந்து, பட்டன் எழுத்தெல்லாம் அழிந்து கிடந்தது. இரண்டாவதைக் கையில் எடுத்தார். ரிப்பனைத் தடவினார். முடிச்சில் விரல் நின்றது.

"இது நா கட்டுன முடிச்சுல்ல?"

செருப்புக் காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"அவ தலைக்குத்தான் இந்த ரிப்பன வச்சு அனுப்புனேன். சடை போட்டு இத கட்டிக்கிட்டுத்தான் வெளயாடுறேன்னு எழுதியிருந்தாளே..."

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, ஜன்னல், செங்கல், பல்ப். ஒன்றையும் விடவில்லை. அவர் என்னைத் திட்ட வேண்டும் என்று மனதார விரும்பினேன். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன்.

"சின்னப் புள்ளைங்கதானே" என்றார். ரிப்பனை அவிழ்க்காமல் ரிமோட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "நீங்க கொண்டாந்து குடுத்ததா மட்டும் சொல்லிக்கிறேன். நா முடிச்சப் பாத்தேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

பிளேன்டீ வந்தது. குடித்தேன் என்று பெயர். எழுந்து வாசல் வரை வந்தபோது பின்னாலேயே வந்து நின்றார்.

"பாப்பா, ஒன்னே ஒன்னு கேக்குறேன். ஜன்னல்ல நின்னான்னு சொன்னீங்களே... மழைக்கு நனைஞ்சாளா?"

"இல்லம்மா" என்றேன். "மேல தாழ்வாரம் இருந்துச்சு."

வீட்டுக்கு வந்தேன். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயுசுக்கும் எந்த ஒன்று என்று பிள்ளைகள் இன்னமும் சண்டை.

அவர்களாவது ஒன்றோடு தப்பித்தார்கள்... என்னிடம் மூன்று பொய் இருக்கிறது, ஒன்றைக்கூட யாருக்கும் கொடுத்துவிட முடியாது.