அதிர்வு நின்றபிறகு

காலை பத்தரை மணி, எழுத ஒரே ஒரு செய்தி, காசிம் பாயின் கம்பிப் பட்டறை. நிருபர் வேலையில் பிழைகள் இப்படி அமைதியாகத்தான் ஆரம்பிக்கும். எழுதிப் பிழைக்கிற உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

முள் இறங்கியது

துபாயிலிருந்து திரும்பிய பாய், சேமிப்பையெல்லாம் போட்டு ராமநாதபுரத்தில் பட்டறை வைத்தார். தூண்டிலுக்கு எஃகுக் கம்பி இழுப்பார்; சீலா மீனின் பல்லுக்கு நைலான் தாங்காது. தடித்த கம்பியை 'டை' என்கிற சிறு துளை வழியாக இழுத்தால் மெலியும். அந்த டையில் ஒரு அதிர்வுக் கருவியைப் பொருத்தியிருந்தார். காதுக்குக் கேட்காத அதிர்வு. அதைப் போட்டதும் உலோகம் இளகிக் கொடுத்தது, இழுக்கும் விசையைக் காட்டும் முள் சரிந்தது. நிறுத்தியதும் முள் பழைய இடத்துக்கே ஏறியது.

"நல்லாப் பாத்துக்கங்கண்ணே. அதிர்வு நின்னா இளக்கமும் போயிரும். அத மட்டும் விட்றாதீங்க."

கடைசி வரி

பக்கத்தில் இடம் இல்லையென்றால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவார்கள். இருபது வருடமாக எனக்குத் தெரியும். ஆனாலும் 'அதிர்ந்தால் இளகும் எஃகு' என்ற என் தொடக்கத்தின் அழகு கெடக்கூடாதென்று, பாய் விட்டுவிடாதீர்கள் என்ற வரியைக் கடைசியில் வைத்தேன். மறுநாள் பேப்பரில் அந்த வரி இல்லை. மதுரை அலுவலகத்தில் பக்கம் பார்த்தவரைப் போனில் பிடித்தேன்.

"முக்கியம்னா மேல வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

ஏலக்கூடத்தில்

ஒரு வாரம் கழித்து, வேறொரு செய்திக்காகப் பாம்பன் மீன் ஏலக்கூடத்தில் நின்றேன். படகுக்காரர் அந்தோணி, பாயிடம் வாங்கிய கம்பிச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியவன் நான்தான் என்று தெரிந்துவிடக்கூடாதென்று குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"பேப்பர்லயே போட்டுட்டாக. நம்ம இன்ஜின் அதிர்ற அதிர்வுக்கு அது நடுக்கடல்ல சேமியாவாயிரும்ல."

நாலு வரி

திருத்தம் வந்தது. ஏழாம் பக்கம், டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரி. கத்தரித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். திரும்பி வந்த சுருள்கள் சுவரோரம் இடுப்பளவு கிடந்தன. பாய் திட்டவில்லை, டீ வாங்கிவரச் சொன்னார்.

"இத யாருண்ணே படிப்பா? ஒரு நாள் ஏலக்கூடத்துக்கு வந்து, எழுதுனது தப்புன்னு உங்க வாயால சொல்லுங்க, போதும்."

அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதி காசிம் பாய் மீண்டும் துபாய்க்கு விமானம் ஏறினார், அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.