ராஜாத்தியின் ஐந்து மணி

"சாப்பிட்டீங்களாக்கா?" என்று கம்பெனி முதலுதவி அறை நர்ஸ் பிரவீனா ராஜாத்தியிடம் கேட்டாள்.

"காப்பி குடிச்சேன் சிஸ்டர்."

"காப்பி சாப்பாடா?"

"தனி ஆளுக்கு அடுப்பப் பத்த வைக்கக் கையே வரமாட்டேங்குது."

"எத்தனை மணிக்கு எந்திரிக்கறீங்க?"

"கம்பெனி பஸ்ஸுக்குப் பத்து நிமிசம் இருக்கறப்ப."

"அப்புறம் மயங்கி விழாம என்ன பண்ணுவீங்க? சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?"

"இன்னொருக்க விழுந்தா ஊரப் பாத்துப் போயிரணுமாம்."

பிரவீனா மாத்திரைக் கவரின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும். வெந்நீர், பத்து நிமிட நடை, ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி.

"இம்புட்டுத்தானா? ஊசி போடுவீகன்னுல்ல பயந்து கெடந்தேன்."

ராஜாத்திக்கு நாற்பத்தாறு வயது. கணவன் இறந்து, மகளையும் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு, சிவகங்கைப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தவள். வரிசை வீடுகளில் ஓர் அறை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேறு வேறு ஷிப்ட் என்பதால் ஆட்களைவிடப் பூட்டுகளையே அதிகம் பார்த்தாள்.

முதல் வாரம் கஞ்சி கட்டி தட்டியது. இரண்டாம் வாரம் பதம் பிடிபட்டது. மொட்டை மாடியில், துணிக்கொடிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தாள். இரண்டு மாதமாக ஒருநாள்கூடத் தலை சுற்றவில்லை. மருந்து வாங்கப் போனபோது இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, கஞ்சி கொதிக்கும்போது அதனோடு பேசுவதாகவும் சேர்த்துச் சொன்னாள். பிரவீனா சிரிக்கவில்லை. அவளும் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறாள்.

இரவு ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்குவதற்காக ராஜாத்தி ஜன்னலை அட்டைப்பெட்டி வைத்து அடைத்திருந்தாள். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வாரத்தின் கடைசி இரவு வேலையை முடித்து வந்து படுத்தாள். மறுநாள் திங்கட்கிழமை, காலை முதல் ஷிப்ட்.

அன்று மாலை பிரவீனா தேன்கனிக்கோட்டையில் பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஆறு. தூறலும் மூட்டமுமாக இருந்தது. நிறுத்தத்தில் ராஜாத்தி யூனிபார்மில் நின்றிருந்தாள். ஈரத்தலை, கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் சாப்பாட்டுப் பை.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"டூட்டிக்குத்தான். இன்னைக்கு பஸ்ஸு லேட்டு போல. நீங்க என்ன, முதல் பஸ்ஸப் பிடிச்சே ஊர்லருந்து வந்துட்டீக?"

பிரவீனா சுற்றிலும் பார்த்தாள். எதிரே பேக்கரி வாசலில் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது.

"அக்கா, இது சாயங்காலம். இன்னும் ஞாயித்துக்கிழமைதான்."

ராஜாத்தி பஜ்ஜிச் சட்டியைப் பார்த்தாள். "காலங்காத்தால பஜ்ஜி போடுறானேன்னு பாத்தேன். இந்த ஊர்ல எல்லாமே தலகீழ்தான்னு விட்டுட்டேன்."

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். இருவரும் திரும்பி நடந்தார்கள்.

"போன்ல அஞ்சுன்னு காட்டுச்சு. எந்த அஞ்சுன்னு கேக்க ஒரு ஆளு இல்ல. வெந்நி குடிச்சேன், தூறலுன்னு ரூமுக்குள்ளயே நடந்தேன், கஞ்சியும் குடிச்சாச்சு. இனி ராத்திரி எங்க தூக்கம் வரப்போகுது? விடியக்காலம் கண்ணசந்து எந்திரிக்காமக் கெடந்துட்டா, இல்ல வெறும் வயித்தோட ஓடிப்போயி மெசின் முன்னால விழுந்துட்டா, அம்புட்டுத்தான்."

"அலாரம் வைங்கக்கா."

"வைக்கத்தான் செய்றேன். அது அடிச்சாலும் இனிமே நம்ப மாட்டேன்."

வரிசை வீட்டு வாசல் வந்தது. ராஜாத்தி சாவியைத் தேடி எடுத்தாள். கதவைத் திறக்காமல், பிரவீனாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சிஸ்டர், நாளைக்கு ஒருநா மட்டும் அஞ்சு மணிக்குப் போன் போட்டு, விடியப்போகுதுக்கான்னு ஒரு வார்த்தை சொல்றீகளா?"