ஆட்சேபமில்லை என்று நான் எழுதிய வீடுகள்

உங்களிடம் சொல்வதற்கென்ன, சென்ற மாதம் அந்தக் குடியிருப்புக்கு நுழைவுச்சீட்டு வாங்கித்தான் போனேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நூற்பாலை முதலாளி ஒருவர் அந்தக் காலத்தில் தம் தொழிலாளருக்காகக் கால்வாயோரம் வரிசையாகக் கட்டிய செங்கல் வீடுகள் அவை. உள்ளே புதுச் சுண்ணாம்பு மணத்தது. நானறிந்த நாளில் அங்கே சனிக்கிழமைதோறும் மணத்தது வறுத்த மிளகாய்.

அங்கே குடியிருந்த இலங்கைத் தமிழரான செல்வி அக்கா சன்னல் வழியே வயர் இழுத்து, கால்வாய்க் கரையில் மின்னடுப்பு வைத்துக் கறித்தூளுக்கு மிளகாய் வறுப்பார். பக்கத்து வீட்டு ஜெர்மன் முதியவர் தும்மித் தும்மித் திட்டிவிட்டு, கடைசியில் வெறும் போத்தலை நீட்டுவார். "தும்மினாலும் தன்ரை பங்கு வேணும் இவருக்கு!" என்று அக்கா சிரிப்பார்.

நான் அப்போது நகரமைப்புப் பட்டம் பெற்ற கையோடு, அவ்வீடுகளைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். நீதியையும் அளவுநாடாவால் அளந்துவிடலாம் என்று நம்பிய வயது.

"எங்களையும் அளக்கப் போறியோ பிள்ளை? இடுப்பை மட்டும் விட்டிடு" என்பார் அக்கா.

குடியிருந்தவர்களை நகரின் விளிம்பிலிருந்த மாடிக் குடியிருப்புக்கு மாற்றுவது திட்டம். போக விரும்பாதவர்கள் கூட்டத்திலேயே சொன்னால், அவர்கள் அங்கேயே இருந்துகொள்ளலாம். பழைய சலவைக்கூடத்தில் கூட்டம். மேலதிகாரி என்னருகே அமர்ந்திருக்க, போவதில் ஆட்சேபம் உண்டா என்று நான்தான் தமிழில் கேட்டேன். தமிழ்க் குடும்பங்கள் அக்கா பக்கம் திரும்பின. அக்கா மேலதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. நீ சொன்னாச் சரி."

ஆட்சேபமில்லை என்று எழுதினேன். மேலதிகாரி பாராட்டினார், மகிழ்ந்தும் போனேன்.

சில மாதங்கள் கழித்து, புதிய குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் அக்கா தேத்தண்ணி தந்தார். கடைத்தூள் பொட்டலம் மேசையில் கிடந்தது. கால்வாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"வர ஏலாதெண்டு அண்டைக்கு ஏனக்கா சொல்லேல்லை?"

"என்ன கதை இது? உன்ரை பெரியவருக்கு முன்னாலை எங்கடை பிள்ளையை மறுத்துக் கதைக்கிறதோ? உனக்கும் புது வேலை."

என் அம்மாவும் அதையேதான் செய்திருப்பார். அதை அறியாதவளல்ல நான். வீட்டில் அறிந்ததை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லவில்லை, அவ்வளவுதான். மறுநாளே எழுத்தில் முறையிட்டேன். அதற்குள் அக்கா வீட்டு உட்சுவர்களை இடித்திருந்தார்கள்.

இன்று எந்தத் திட்டமானாலும் மேலதிகாரி இல்லாமல், வீடு வீடாகச் சென்று, அவரவர் அடுக்களையில் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த வழக்கத்தோடுதான் சென்ற மாதமும் கால்வாயோரம் நடந்தேன். நடைபாதை உண்மையிலேயே அழகு. ஒரு வீடு சீட்டு வாங்கிப் பார்க்கும் காட்சியகம், மற்றவை பயணிகள் தங்கும் அறைகளாகிவிட்டன. அழைப்புமணிகளின் அருகே பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும்.